செவ்வாய், வெள்ளிகளில் நான் உட்காராத சீட்டு

ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டேன். எங்கள் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படிவம் வந்தது. ஏதோ கல்லூரி ஆய்வுக்காம். பெயர், வயது, பார்த்த வேலை எல்லாவற்றையும் மடமடவென்று நிரப்பினேன். ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: ‘கொரோனா காலத்தில் பயணம் செய்வது உங்களுக்கு எந்த அளவு சௌகரியமாக இருந்தது?’ ஒன்று என்றால் கொஞ்சமும் இல்லை, ஐந்து என்றால் முழுச் சௌகரியம். ஒரு எண்ணைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் முத்துப்பாண்டி போன் செய்தார். கடைசிப் பதினோரு வருடம் நான் கண்டக்டராக இருந்த பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர்.

“வே, படிவம் போட்டீரா? நான் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டேன்.”

“ஏழாவதுக்குமா?”

“அதுக்குந்தான். எனக்கு என்ன கொறச்சல்? முதுகுக்குப் பின்னால பிளாஸ்டிக் ஷீட்டு, பக்கத்துல சன்னல், நல்ல காத்து. ராசா மாதிரி இருந்தேன். கொரோனா வந்தாலும் மொதல்ல உம்மகிட்ட டிக்கெட் வாங்கிட்டுத்தான வே எங்கிட்ட வரணும்?”

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். பிறகு பரணிலிருந்து நோட்டுகளை இறக்கினேன்.

1990இல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 2022இல் ஓய்வு பெற்ற நாள் வரை தினமும் நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். தேதி, கிழமை, தமிழ் மாதம், எந்த வண்டி, மழையா வெயிலா, அன்றைக்குக் கண்ணில் பட்ட ஒரு விஷயம். யாரும் கேட்டு எழுதியதில்லை. புத்தகம் வாசிக்கும் பழக்கம் உள்ளவனுக்கு வரும் கூடுதல் பழக்கம் அது. அந்தக் காலக் கொள்ளைநோய்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். செத்தவர்கள் கணக்கு எல்லாவற்றிலும் இருக்கிறது. பிழைத்தவர்கள் சந்தைக்குப் போகும்போது யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யாரைக் கண்டு தள்ளி உட்கார்ந்தார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. கண்டக்டராக இருந்தவனுக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

கண்டக்டர் வேலைக்குப் பயிற்சி என்று எனக்குக் கொடுத்தது சில நாள்கள்தான். டிக்கெட் கட்டைப் பிடிப்பது, ட்ரிப் ஷீட் எழுதுவது, ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. மற்றதைக் குற்றாலம் சீசன்தான் பழக்கியது. புளியங்குடியில் கிளம்பி, கடையநல்லூர், தென்காசி வழியாக ஐந்தருவி வரை போகும் வண்டி என்னுடையது. ஆனியில் சாரல் விழ ஆரம்பித்தால் ஐந்தருவியிலிருந்து திரும்பும் டிரிப்பில் மூச்சு விட இடம் இருக்காது. தலையில் எண்ணெய் போகாதவர்கள், ஈரத் துண்டோடு நிற்பவர்கள், மங்குஸ்தான் பையை மார்போடு அணைத்தவர்கள், இரண்டு அருவியில் குளித்துவிட்டு மூன்றாவதற்குப் போவதா வேண்டாமா என்று படியிலேயே நின்று சண்டை போடும் குடும்பங்கள். ஜன்னல் கண்ணாடி முழுக்க மூச்சுப் படிந்து வெளியே ஒன்றும் தெரியாது. ஒருவர் தலைமுடி சொட்டும் தண்ணீர் இன்னொருவர் கழுத்தில் விழும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முன்பின் தெரியாதவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தக் கூட்டத்தை உள்ளே நகர்த்துவதுதான் என் திறமை என்று நினைத்திருந்தேன். அதற்கென்று ஒரு வசனமும் வைத்திருந்தேன். “உள்ள போங்க, உள்ள போங்க! வாசல்லயே நிக்கீங்க, உள்ள என்ன கல்யாணமா நடக்குது?” என்பேன். கூட்டம் சிரிக்கும். சிரித்தால் கொஞ்சம் நகரும். நகர்ந்தால் இன்னும் நாலு பேர் ஏறலாம்.

சேர்ந்த இரண்டாம் வருடம், ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவியில் தலையில் துண்டு போட்ட ஒருவர் பின்வாசலில் ஏறிப் படியிலேயே நின்றார். என் வசனத்தைச் சொன்னேன். உள்ளே போனார். நன்றாகவே போனார், நடு வண்டி வரை. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் துண்டை எடுத்தார். செக்கிங் இன்ஸ்பெக்டர் பரமசிவன் சார்.

கூட்டத்துக்குள்ளிருந்தே சொன்னார்: “தம்பி, நானும் உள்ள வந்து பாத்துட்டேன். கல்யாணம் ஒண்ணும் நடக்கல.”

வண்டியே சிரித்தது. எனக்குத்தான் வேர்த்தது.

பரமசிவன் சார் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவர் முறை வேறு. தப்பு நடந்தால் ஒரு வெள்ளைத்தாளைக் கையில் கொடுப்பார். நடந்ததை நாமே நம் கையெழுத்தில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் வாங்கிக்கொள்ள மாட்டார். “படிங்க” என்பார். நின்றபடி சத்தமாக வாசிக்க வேண்டும். தடங்கலில்லாமல் வாசித்தால் கையெழுத்துப் போடுவார். எந்த இடத்தில் குரல் தட்டுகிறதோ அந்தச் சொல்லுக்கு அடியில் சிவப்பு மையால் ஒரு கோடு. அவ்வளவுதான் விசாரணை. ஏன் என்று கேட்க மாட்டார். கோடு போட்ட தாளைத் திருப்பித் தருவார். நாம் மறுபடி எழுத வேண்டும்.

அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதற்கு அன்றைக்கு நான் ‘பயணிகளின் வேண்டுகோளுக்கு இணங்கி’ என்று எழுதியிருந்தேன். ‘இணங்கி’யில் குரல் தட்டியது. கோடு விழுந்தது. யாரும் வேண்டவில்லை, நான்தான் ஏற்றினேன் என்று திருத்தி எழுதினேன். அதை வாசிக்கும்போது தட்டவில்லை.

முப்பது வருடத்தை இங்கே தாண்டிவிடுகிறேன்.

ஐம்பத்தெட்டு வயதில், 2020 மே மாதம், நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து வண்டிகள் நின்றன. மே மாதத்தில் ஓய்வு வயதை ஐம்பத்தொன்பது ஆக்கினார்கள். பிறகு அறுபது ஆயிற்று. என் மனைவி சரசுவுக்கு வீசிங் உண்டு. தாளில் செய்தியைப் பார்த்துவிட்டு, “ஊரே வீட்டுக்குள்ள கெடக்கு, ஒங்கள மட்டும் வெளிய இழுத்துப் போடுதானுவ” என்றாள்.

செப்டம்பரில் மாவட்டத்துக்குள் வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கின. இருக்கைகளில் ஒன்று விட்டு ஒன்றில் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பின்வாசலில் ஏற வேண்டும், முன்வாசலில் இறங்க வேண்டும். நின்றுகொண்டு வரக்கூடாது. காய்ச்சல், இருமல் உள்ளவர்களை ஏற்றக்கூடாது என்று சர்க்குலர். உள்ளே போ, உள்ளே போ என்று முப்பது வருடம் கத்தியவன், “தள்ளி உக்காருங்க, தள்ளி உக்காருங்க” என்று கத்த ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள் வாய் தன்னால் ‘உள்ள போங்க’ என்று சொல்லிவிட்டு நின்றது.

மக்கள் உட்கார்ந்த விதத்தை நோட்டில் விவரமாக எழுதியிருக்கிறேன். எலுமிச்சை மண்டிக்குப் போய்வரும் கமிஷன்காரர் ஒருவர் ஒரு பழத்தை மூக்குக்கு நேரே பிடித்தபடி வருவார், மாஸ்க் மட்டும் தாடையில் கிடக்கும். ஒரு டீச்சர் இருக்கையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, இறங்கும்போது அதை நான்காக மடித்து எடுத்துப் போவார். ஐந்தருவியில் சிப்ஸ் கடை போட்டிருந்த ஒரு அம்மா, அருவியில் குளிக்கத் தடை என்று தெரிந்தும் பூட்டிய கடையைப் பார்த்துவர வாரம் ஒருமுறை வருவார். அவரும் நானும் முத்துப்பாண்டியும் மட்டுமே ஐந்தருவி போய்ச் சேர்ந்த நாள்கள் உண்டு. இன்ஜினை அணைத்தால் அருவிச் சத்தம் வண்டிக்குள்ளேயே கேட்டது. முப்பது வருடத்தில் பஸ்ஸில் இருந்தபடி அதை நான் கேட்டதே இல்லை. கூட்டச் சத்தம்தான் அருவிச் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

என் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். டிக்கெட் மெஷின்கள் பழுதாகி மறுபடியும் காகிதக் கட்டு வந்திருந்த சமயம் அது. காகிதத்தைப் பிரிக்க நாக்கில் விரலை வைப்பது எந்தக் கண்டக்டருக்கும் மூச்சு விடுவது மாதிரி. மாஸ்க் போட்ட பிறகும் கட்டைவிரல் நேராக வாய்க்குத்தான் போனது. துணியில் முட்டிக்கொண்டு திரும்பியது. முதல் நாள் மாலை வீட்டில் மாஸ்க்கைக் கழற்றினேன். வாய் இருக்கும் இடத்தில் கட்டைவிரல் அளவு கறுப்பாக ஒரு வட்டம். சரசு அதைக் குச்சியால் தூக்கி வெந்நீரில் போட்டாள். கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் எனக்கு வீட்டுக்குள் அனுமதி. நானும் அவள் பக்கம் போகாமல் வெளி அறையில் படுத்துக்கொள்வேன். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்: “ஊர்ல உள்ளவனையெல்லாம் ஏத்திட்டு வாரீங்க, எங்கிட்ட மட்டும் ஆறடி தள்ளி நிக்கீங்க.”

எனக்குப் பயம். அதை மறைத்து எழுத விருப்பமில்லை. ஒவ்வொரு நாளும் நான் ஏதோ ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய், அது அவள் நெஞ்சில் ஏறிவிடும் என்ற பயம்.

ஆவணியின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. காலை முதல் டிரிப். புளியங்குடியில் ஒரு தம்பதி ஏறினார்கள். செய்யது, நாற்பத்தைந்து வயது இருக்கும். வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர், சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடம் முன்பே ஊர் திரும்பிவிட்டார். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தென்காசி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஊரடங்குக்கு முன்பும் என் வண்டியில்தான் போய் வந்தார். கூட வருபவர் மனைவி ஜெய்புன், கணவரை ‘மாப்பிள்ள’ என்பார். செய்யது சட்டையில் அத்தர் மணக்கும். அதனாலேயே வண்டியில் அவருக்கு ‘ஃபாரின்காரர்’ என்று பெயர். நானும் அப்படித்தான் சொல்வேன்.

டிக்கெட் கொடுத்தேன். வண்டி ஊரைத் தாண்டியது. அவர் இருமினார். ஒருமுறை இல்லை, நிற்காமல்.

முன்சீட்டில் ராயகிரிப் பட்டாளத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியில் அவர் மகளுக்குப் பிரசவமாகிப் பதினெட்டு நாள். தினமும் தூக்குவாளியில் பத்தியச் சாப்பாடு கொண்டுபோவார். எழுந்து திரும்பிப் பார்த்தார்.

“கண்டக்டரே, யாரு அங்கன இருமுதது?”

இன்னொருவர் சொன்னார்: “ஃபாரின்காரருல்லா?”

“ஃபாரின்லேருந்து வந்த ஆளயா ஏத்திட்டு வாரீரு? நான் கைப்பிள்ள இருக்க வீட்டுக்குப் போறேன். வண்டிய நிறுத்தும்.”

அவர் வந்து இரண்டு வருடமாயிற்று என்று எனக்குத் தெரியும். ஊரடங்குக்கு முன்பும் இப்படி இருமுவார் என்பதும் தெரியும். அதை எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் வீட்டில் வெந்நீர் காயும் பானைதான் கண்முன் வந்தது. சர்க்குலரும் இருந்தது. சொக்கம்பட்டி நிறுத்தத்தில் விசில் கொடுத்தேன்.

“அண்ணாச்சி, நீங்க அடுத்த வண்டில வாங்க” என்றேன்.

செய்யது எழுந்தார். ஜெய்புன்தான் பேசினார்.

“அடுத்த வண்டி எப்ப அண்ணாச்சி? வெள்ளிக்கிழம மெஷின் ரிப்பேர்னு திருப்பி அனுப்பிட்டாவ. ஒடம்புல தண்ணி ஏறி நிக்கி. அதான் இருமுதாக. இன்னைக்கும் போகலேன்னா மூச்சு நின்னுரும்.”

“சர்க்குலர் இருக்கும்மா.”

இறங்கினார்கள். நான் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினேன். இரண்டு விசில் ஊதினேன். துணியை வைத்துக்கொண்டு விசில் ஊத முடியாது என்பதால் அந்த இரண்டு வாரமாக எல்லா நிறுத்தத்திலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஜெய்புன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். “எம் மாப்பிள்ள இம்புட்டு இருமியும் மாஸ்க்க எறக்கல. நீங்க எறக்கி ஊதுதீங்க” என்றார்.

வண்டி நகர்ந்தது. அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம் இருந்தது. எனக்கு அது தெரியும்.

அன்று என் நோட்டில் இருப்பது இதுதான்: ‘செவ்வாய். மூடாப்பு வானம். முதல் டிரிப்பில் சொக்கம்பட்டியில் இருவர் இறக்கம்.’ இறக்கினேன் என்றுகூட இல்லை. இறக்கம். முப்பது வருடமாகத் துல்லியமாக எழுதுகிறேன் என்று பெருமைப்பட்டவன் எழுதிய வரி அது.

தென்காசி பஸ் நிலையத்தில், நேரக் காப்பாளர் அறையில் பரமசிவன் சார் இருந்தார். என் வயதுதான், சின்ன வயதிலேயே இன்ஸ்பெக்டரானவர். அவருக்கும் ஓய்வு தள்ளிப் போயிருந்தது. இருமல் உள்ள பயணியை இறக்கினால் எழுதித் தர வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. வெள்ளைத்தாளை நீட்டினார். எழுதினேன். “படிங்க” என்றார்.

‘இருமல் காணப்பட்டதால், சக பயணிகளின் நலன் கருதி, சொக்கம்பட்டி நிறுத்தத்தில் மேற்படி நபரைப் பாதுகாப்பாக…’

‘பாதுகாப்பாக’வில் குரல் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி அங்கேயே.

அவர் பேனாவை எடுக்கவில்லை. “அந்தாளுக்கு என்ன சீக்கு?” என்று கேட்டார். ஏன், என்ன என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கிட்னி சார். டயாலிசிஸுக்கு வந்தாரு.”

“முன்னயும் இருமுவாரா?”

“இருமுவாரு.”

“ஒமக்குத் தெரியும்?”

“தெரியும் சார்.”

“இருமுதவன ஏத்தாதன்னுதான சர்க்குலர் சொல்லுது? ஏத்தி, டிக்கெட்டும் குடுத்தாச்சுன்னா அவரு ஒம்ம பாசஞ்சர். நடுவழில எறக்கச் சொல்லி எங்கன போட்டிருக்கு?”

பிறகுதான் கோடு போட்டார். ‘பாதுகாப்பாக’வுக்கு அடியில், ஒன்றல்ல, இரண்டு. தாளைத் திருப்பித் தந்துவிட்டு ஃபோனை எடுத்து, கடையநல்லூரிலிருந்து எதிர்த்திசையில் போகும் வண்டியின் கண்டக்டரிடம் சொக்கம்பட்டியில் பார்க்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அங்கே யாரும் இல்லை.

ஐந்தருவி டிரிப் கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்தேன், கடைசியில் ஓடினேன். வாசலில் எலுமிச்சை மூட்டை ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே டயாலிசிஸ் கட்டடத்துக்கு வெளியே, மர நிழலில், ஜெய்புன் தனியாக உட்கார்ந்திருந்தார். துப்பட்டியில் எலுமிச்சைச் சருகு ஒட்டியிருந்தது. அவர் தனியாக இருந்ததால் அவர் கணவர் உள்ளே மெஷினில் இருக்கிறார் என்று புரிந்தது. என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் போகவில்லை. இடைவெளிக்காக அல்ல. முகமில்லை.

திரும்பி வந்து தாளை மறுபடி எழுதினேன். ‘எனக்குப் பயமாக இருந்ததால் இறக்கிவிட்டேன்’ என்று எழுதினேன். வாசித்தேன். தட்டவில்லை. பரமசிவன் சார் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை புளியங்குடியில் வண்டி நின்றிருந்தது. அவர்கள் இருவரும் பஸ் நிலையத்துக்கு வெளியே, எலுமிச்சை மண்டிப் பக்கம், லோடு ஆட்டோவை எதிர்பார்த்து நின்றார்கள். இறங்கிப் போனேன்.

“வண்டில வாங்கம்மா” என்றேன்.

ஜெய்புன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எங்கன எறக்கி விடுவீங்கன்னு இப்பமே சொல்லிருங்க அண்ணாச்சி. அங்கனயே ஆட்டோவ வரச் சொல்லிருதேன்.”

“ஆஸ்பத்திரி வாசல்லதான் எறக்குவேன்.”

“சர்க்குலரு?”

செய்யதுதான் மெதுவாக, “ஏறு புள்ள, நிக்க முடியல” என்றார்.

பின்வாசலை ஒட்டி கண்டக்டருக்கு ஒற்றைச் சீட்டு உண்டு. பக்கத்தில் இடமே கிடையாது. ஒரு பக்கம் படி, மறுபக்கம் ஜன்னல். அதில் அவரை உட்கார வைத்தேன். ஜன்னலை முழுக்கத் திறந்தேன். டிக்கெட் கட்டைக் கையில் எடுக்கும் முன்பு, வண்டி நிலையத்தில் நிற்கும்போதே, நடுவில் நின்று சொன்னேன்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இவரு கிட்னிக்காரரு. செவ்வா, வெள்ளி இந்த வண்டிலதான் டயாலிசிஸுக்கு வருவாரு. இருமுவாரு. அது நெஞ்சுல தண்ணி கோத்த இருமல். ஃபாரின்லேருந்து வந்து ரெண்டு வருசமாச்சு. காய்ச்சல் கெடையாது, ஆஸ்பத்திரில ஒவ்வொரு தடவையும் பாத்துத்தான் உள்ள விடுதாங்க. என் சீட்டுல இருப்பாரு. நான் நின்னுட்டு வருவேன். பிடிக்காதவங்க இப்பமே எறங்கி அடுத்த வண்டில வரலாம். தப்பில்ல. ஆனா வண்டி கெளம்புன பெறகு யாரையும் எறக்க மாட்டேன்.”

டீச்சர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு இறங்கினார். வேறு மூன்று பேர் இறங்கினார்கள். பட்டாளத்துக்காரர் தூக்குவாளியோடு எழுந்தார்.

“எனக்கும் சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. பச்சப்பிள்ள வீடு. நான் வரல வே. தப்பா நெனைக்காதீரு” என்றார். கோபமில்லை. முன்வாசல் வழியாக இறங்கி, வெயிலில் நின்று, அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார். அவர் பயமும் என் பயமும் ஒரே ஜாதி என்று எனக்குத் தெரியும். அவர் தன் பயத்தைத் தூக்கிக்கொண்டு தானே இறங்கினார். நான் செவ்வாய்க்கிழமை என் பயத்துக்கு இன்னொருவரை இறக்கினேன்.

அடுத்த வாரமே பைக் கடையில் கையால் அமுக்கி ஊதும் ஒரு ரப்பர் ஹாரனை வாங்கினேன். ‘பாம் பாம்’ என்றால் போகலாம். முத்துப்பாண்டி, “ஐஸ்காரன் வண்டில வந்து சேந்துட்டனோ?” என்று தினமும் கேட்டார். மாஸ்க்கை இறக்காமல் வேலை நடந்தது. விரலுக்கு ஒரு சின்ன டப்பாவில் ஈரப் பஞ்சு.

அப்படியே மாதங்கள் போயின. செவ்வாயும் வெள்ளியும் புளியங்குடியிலிருந்து தென்காசி வரை நின்றேன். சொந்த வண்டியில் நான் பயணியைப் போல நின்றது அப்போதுதான். சௌகரியமாக இருந்ததா என்றால் இல்லை. ஒவ்வொரு இருமலுக்கும் என் முதுகு சிலிர்க்கும். செய்யதும் அதைப் பார்ப்பார். இருமல் வரும்போது தலையை ஜன்னலுக்கு வெளியே திருப்பிக்கொள்வார். அவருக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவது சௌகரியமாக இருந்திருக்காது.

சரசுவிடம் இரண்டு மாதம் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் சொன்னேன். “எறக்கிவிட்ட அன்னைக்கே சொல்லிருந்தா, அன்னைக்கே ரெண்டு ஏச்சு ஏசிருப்பேன்லா” என்றாள். மறுநாளிலிருந்து குளிக்கும் வெந்நீர் இன்னும் கூடுதலாகக் கொதித்தது. அதில் சலுகை இல்லை.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நேரமாகியும் அவர்களைக் காணவில்லை. பட்டாளத்துக்காரர் மார்கழியிலிருந்தே எங்கள் வண்டிக்குத் திரும்பியிருந்தார், டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில், எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உட்காருவார். முத்துப்பாண்டி இன்ஜினைப் போட்டார். நான் ஹாரனைத் தொடவில்லை.

“இன்னைக்கு அந்தாளு வரலியா?” என்றார் பட்டாளத்துக்காரர், திரும்பாமலே.

“காணலியே.”

ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். திடீரென்று முத்துப்பாண்டியின் பிளாஸ்டிக் ஷீட்டைத் தட்டினார். “பொறும் வே! ஓடி வாராக!”

செய்யதால் ஓட முடியாது. ஜெய்புன் முன்னால் ஓடி வந்து படியைப் பிடித்துக்கொண்டு, அவர் வந்து சேரும்வரை ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து நின்றார். எவனும் வண்டியை எடுத்துவிடாதபடி. யாரும் எடுப்பதாக இல்லை.

2022 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டு மார்கழியில் செய்யது காலமானார். கொரோனாவில் இல்லை, இருதயத்தில். வீட்டுக்குப் போனேன். ஜெய்புன் உள்ளிருந்து, “மெஷின் ரிப்பேரான அந்த வெள்ளி போக, செவ்வா வெள்ளி ஒண்ணுகூட தப்பல அண்ணாச்சி” என்றார். பிறகு, “நீங்க எறக்கிவிட்ட அந்த ஒரு நாளும் தப்பல. எலுமிச்சைக்காரன் புண்ணியத்துல” என்றார். அதை நான் இந்தக் கட்டுரையில் விடக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனைக்குத் தென்காசி போக வேண்டியிருந்தது. புளியங்குடியில் அதே காலை டிரிப். கூட்டம். பழைய நாள் மாதிரிக் கூட்டம், சீசன் தொடங்கிவிட்டது. பெருக்கல் குறிகள் எப்போதோ போய்விட்டன. பின்வாசலில் ஏறியதும் கால் பழக்கத்தில் கண்டக்டர் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். அது காலியாக இருந்தது.

புது கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். “பெரியவரே, அங்கன உக்காராதீங்க. எந்திரிங்க. அது ஆஸ்பத்திரி சீட்டு.”

“கண்டக்டர் சீட்டுல்லா இது?”

“மத்த நாளு கண்டக்டர் சீட்டு. செவ்வா, வெள்ளி ஆஸ்பத்திரி சீட்டு. டயாலிசிஸ் ஆளுக வருவாங்க.”

“யாரு சொன்னா?”

“எனக்கு முன்னால இருந்தவரு சொன்னாரு. அவருக்கு யாரு சொன்னாங்களோ? இந்த வண்டில அப்படித்தான். எந்திரிங்க பெரியவரே, அந்தா வாராங்க.”

எழுந்தேன். கையில் கட்டுப்போட்ட ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, ஏறி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். யாரையும் பார்த்து நன்றி சொல்லவில்லை. அவள் சீட்டு அது.

அன்று சாயங்காலம் ஏழாவது கேள்விக்கு ‘ஒன்று’ போட்டேன். முத்துப்பாண்டி கேட்டால் சண்டைக்கு வருவார். வரட்டும்.

காலையில் நான் எழுந்து நின்ற இடம் படிக்குப் பக்கத்தில். எனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் ஏறக் காத்திருந்தார்கள். புது கண்டக்டர் என் தோளைத் தொட்டு, முன்னால் கைகாட்டினார்.

“உள்ள போங்க பெரியவரே, உள்ள போங்க. வாசல்லயே நின்னா எப்படி?”

உள்ளே போனேன். சொக்கம்பட்டியில் வண்டி நின்றது. மூன்று பேர் ஏறினார்கள். யாரும் இறங்கவில்லை.